தரிசு என்று குறித்த நிலம்

ஜூலை 14, திங்கள்
மேல்காற்று. காலையிலிருந்தே கண்ணில் மண். சூரிய மின்சக்தி ஆய்வின் வரைபடம் சென்னைக் குழுவிடமிருந்து வந்துவிட்டது. தாயில்பட்டிக்குத் தெற்கே முழுக்க ஒரே மஞ்சள்: 'தரிசு, பயன்பாடு இல்லை.' ஆய்வைச் சேர்ந்து செய்யும் ஐந்து நிறுவனங்களும் வெள்ளிக்குள் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். எங்கள் நிறுவனத்தில் கள வேலைக்கும் கையெழுத்துக்கும் பொறுப்பு நான்.
நாளை நேரில் போக வேண்டும். தொப்பி, தண்ணீர். வண்டி டயர்!

செவ்வாய்
மஞ்சள் நிலத்தில் பதினேழு ஆடுகள். மேய்ப்பவர் பேச்சியம்மாள், நாற்பது வயதிருக்கும். முன்பு பட்டாசு ஆலையில் வேலை. அங்கே வெடித்ததில் தங்கையின் கைகள் வெந்துபோன பிறகு நின்றுவிட்டார்.
"இந்த ஆடு இருக்கப்போயித்தான் அந்தப் பக்கம் எட்டிப் பாக்காம இருக்கேன். இதுவும் போச்சுன்னா திரும்ப ஆலைக்குப் போயி வெடிமருந்துதான் அள்ளணும்."
நிலம் சிவகாசி முதலாளி ஒருவருடையது. இவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.
சோலார் வேண்டாமா என்று கேட்டேன்.
"நல்லா வரட்டும். எங்களையும் ஒரு ஓரமா எழுதிக்கிட்டு வரட்டும்."

புதன்
ஆன்லைன் கூட்டம், இரண்டு மணி நேரம். சென்னைக் குழுத் தலைவர் ராகவன், நல்ல மனிதர்தான்: "மேய்ச்சலுக்குன்னு மாடல்ல இடமே இல்லீங்க. சேர்த்தா மொத்தமும் திரும்பப் போடணும்." பொருளாதாரக் குழு: "ஒரு அம்மா சொன்னது டேட்டா ஆகாது." மைக்கை அணைக்க மறந்த யாரோ: "குக்கர் மூணு விசில் வந்துருச்சா பாரு."
யார் சொன்னதும் தப்பில்லை. தனித்தனியே ஒவ்வொருவர் செய்த பகுதியும் சரி. ஒன்றாக ஒட்டும்போதுதான் பேச்சியம்மாள் காணாமல் போகிறார்.

வியாழன்
மறுபடி தாயில்பட்டி. ஒருவர் போதாதென்றால் எல்லாரையும் எழுதுவோம் என்று போனேன். பதினொரு பேர். அநேகமாக எல்லாருமே பட்டாசு வேலையை விட்டு ஆடு மேய்க்க வந்தவர்கள். முகம் வெயிலில் எரிகிறது.

வெள்ளி
கையெழுத்திடவில்லை. அந்தப் பதினொரு பேரின் பட்டியலை மட்டும் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. புதுப்பிக்கும் குழுவில் ராகவனும் உண்டு. காலையில் சாப்பிட்டேனா? நினைவில்லை.

ஞாயிறு
அறிக்கை நிறுத்திவைப்பு. ஐந்து நிறுவனத்தினரும் அடுத்த வாரம் தாயில்பட்டிக்கு நேரில் வருகிறார்களாம். ராகவனிடமிருந்து தனியாக ஒரு செய்தி: "கோபம்தான். ஆனா பட்டியல முழுசாப் படிச்சேன்." ஒப்பந்தம் பற்றி ஒன்றும் இல்லை.
பேச்சியம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
"அம்புட்டு பேருமா வாராக? அப்ப வெள்ளனயே வரச் சொல்லுங்க. வெயில் ஏறிட்டா நாங்க ஓடைப் பக்கம் போயிருவோம். வெறுங்காடுன்னு திரும்ப எழுதிட்டுப் போயிருவாக."