பிளந்த கைநாட்டு

இன்று திங்கட்கிழமை. காலையில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு பெண் பெருவிரலை ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, நான் எழுதிய மனுவில் வைத்தாள். ரேகையே இல்லை. மொச்சையை இரண்டாகப் பிளந்து வைத்ததுபோல் ஒரு தடம் விழுந்தது. உன்னை மண்ணில் வைத்த பிறகு அந்தத் தடத்தை இன்றுதான் மறுபடி பார்க்கிறேன். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நீ வந்ததும் இப்படி மனு வாங்கும் ஒரு திங்கட்கிழமைதான். மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயம். ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் நான் மனு எழுத உட்கார்ந்து அதிக நாளாகவில்லை. உன் சேலையில் பச்சைப் புல் வாசனை அடித்தது.

"அக்கா, எங்க காட்டை அளந்துட்டுப் போறாங்க. பிளாட் போடப் போறாங்களாம்."

"எந்த ஊரு? தெரு, கதவு எண் சொல்லு."

"அடி அண்ணாமலைக்கு மேக்கால. தெருலாம் இல்லக்கா."

சரியென்று என் வீட்டு விலாசத்தையே போட்டேன். கைநாட்டுதான் சரியாக விழவில்லை. கையை அசைக்கிறாய் என்று திட்டி மூன்று தாள்களைக் கிழித்தேன். "அது அப்படித்தான் விழும்க்கா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, மதிலோரத்துப் புதருக்குள் போனாய். புள்ளிமான் ஒன்று வெளியே வந்து என்னைப் பார்த்தது. திரும்பப் புதருக்குள் போய், முந்தானையைச் சரிசெய்தபடி நீ வந்தாய். தலையில் ஒரு சருகு ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஆட்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். கிரிவலப் பாதையில் எலுமிச்சை விற்றவர், தேரடியில் பூக்கட்டியவள். "பௌர்ணமிக்கு சுத்துறவங்கள்ல எங்காளுங்க எத்தினி பேருன்னு சொன்னா நீங்க நடக்கவே மாட்டீங்க" என்று சிரிப்பாய். அளந்தவர்கள் நட்ட கற்கள் மறுநாளே சாய்ந்து கிடக்கும். எலுமிச்சைக்காரர் நெற்றியில் மண்ணோடு வந்து கடை போடுவார்.

ஆனால் கல்லைச் சாய்த்தால் வேறு கல் வரும். அதனால் என் தொழில் புத்தியைச் சொன்னேன். "மனு குடுத்தா போதாது. திங்களுக்குத் திங்கள் ஆள் வந்து நிக்கணும். இல்லன்னா ஃபைல் தூங்கிடும்."

நீ யோசித்தாய். "ஒரே உருவத்துல ஜாஸ்தி நாள் நின்னா அதுவே ஒட்டிக்கும்க்கா. யாராவது ஒருத்தர் நிக்கணும்னா நானே நிக்கிறேன்."

நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சலித்துக் காட்டுக்குத் திரும்பினார்கள். நீ மட்டும் மழையோ வெயிலோ வந்து நின்றாய், வருடக்கணக்காக. உன்னைப்போல் பிடிவாதக்காரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு நினைவூட்டு மனுவிலும் உன் விரலைப் பிடித்து ஒற்றியவள் நான்தான். தடத்தின் பிளவு வரவர ஒடுங்கியது. ஓரத்தில் கோடு கோடாக ரேகை முளைத்தது. ஒருநாள் முழு ரேகையாக விழுந்தபோது, "இப்பதான் கைநாட்டு சுத்தமா விழுது" என்றேன், பாவி. நீ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "சீக்கிரம் எழுதுங்க, உள்ள கூப்பிடுவாங்க" என்றாய். நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்த பிறகு உத்தரவு என் வீட்டுக்கு வந்தது. அது காடாகவே இருக்கும், பிளாட் கிடையாது. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடிவந்தேன். இருவரும் காட்டுக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு நீ உள்ளே நடந்தாய். மேய்ந்துகொண்டிருந்த மான் கூட்டம் தலைதூக்கி மோந்தது. அப்படியே சிதறி ஓடியது. உன் தங்கையும் அதில் ஓடினாள் என்று பிறகு சொன்னாய்.

நான் அழுதேன். நீதான் என் தோளைத் தட்டினாய்.

"ஓடட்டும்க்கா. மனுஷ வாசனைக்கு ஓடுற வரைக்கும்தான் அதுங்க உசுரோட இருக்கும்."

அதன்பின் காட்டோரத்தில் குடிசை போட்டுக்கொண்டாய். கோடையில் புல் தீப்பற்றினால் பச்சைக் கிளையோடு முதலில் ஓடியது நீதான். உன்னைக் கண்டு விலகிய மான்களுக்காகவே அத்தனையும் செய்தாய். ஒரு சித்திரையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. நானும், அன்றைக்கு மட்டும் மறுபடி மனித உருவில் வந்த எலுமிச்சைக்காரரும் உன்னைக் காட்டுக்குள்ளேயே புதைத்தோம். அடுத்த வாரம் போனபோது அந்த மண்ணெல்லாம் குளம்புத் தடமாக இருந்தது.

இன்று வந்த பெண் உன் தங்கை மகளாம். காட்டுக்குக் குறுக்கே ரோடு போட அளக்கிறார்களாம். "எத்தினி வாட்டி வரணும்?" என்று கேட்டாள்.

"இந்த ஒரு வாட்டி போதும்மா. நீ காட்டுக்குப் போ. திங்களுக்குத் திங்கள் நான் வந்து நிக்கிறேன்."