புரட்டி ஒட்டிய பாலம்

மாப்ளே,

இங்கே ஒரு கடையில் அடுத்த வருடக் காலண்டர் தொங்குகிறது. வாங்கும் எண்ணமெல்லாம் இல்லை. கையில் எடுத்துத் தாளைப் புரட்டியவன் பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டேன். கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதே மை வாசனைதான். சிவகாசியில் நம் அச்சகத்தில் ஈரம் காயாத தாளை மெஷினிலிருந்து உருவிக்கொண்டு நீ வெளிச்சத்துக்கு ஓடுவாயே, அந்த வாசனை. நீ போய் இரண்டு வருடமாகிறது. வாசனை மட்டும் ஊர் விட்டு ஊர் வந்து பிடித்துக்கொள்கிறது.

பிராக் நகரத்துக்கு வந்து இது நாலாவது நாள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கி ஐந்தாவது வாரம். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஓய்ந்துபோய்விட்டேன். தங்கியிருப்பது நாலாவது மாடியில், லிப்ட் கிடையாது. ஓர் அறைக்குள் எட்டுப் பேர், எனக்கு மேல்கட்டில். ஐம்பதை நெருங்குகிறவன் இரும்பு ஏணியில் தொற்றி ஏறும்போது கீழே படுத்திருப்பவர்கள் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். தெருவெல்லாம் கருங்கல் பதித்திருக்கிறது. அதில் நடந்து நடந்து குதிகால் இரண்டும் விண்விண் என்று தெறிக்கின்றன. மூன்று வேளையும் ரொட்டி. உறைப்பாக ஏதாவது தின்று எத்தனை நாளாயிற்று என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

கூட்டம் நமக்குப் புதிதா என்று நீ கேட்பாய். விருதுநகர் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் நசுங்கி வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் அங்கே இடிபட்டு நிமிர்ந்தால் நாலு பேராவது “எப்ப வந்தீக, வீட்ல வரலையா” என்று கேட்பார்கள். இங்கே ஆயிரம் பேர் இடிக்கிறார்கள், ஒருத்தருக்கும் நான் யாரென்று கேட்கத் தோன்றவில்லை. அது இத்தனை அசதியைத் தரும் என்று நான் நினைக்கவில்லை.

ஜெர்மனியில் படிக்கும் என் மகள் சுற்றுலாக் குழுவோடு போகச் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. “முன்னால ஒருத்தன் கொடியத் தூக்கிட்டுப் போக, பின்னாலயே நாம போறதுக்கு எதுக்குலே அம்புட்டுத் தூரம். ஆளுக்கு ஒரு பை, கால் போற பக்கம் போவோம்.” நீ சொன்னதுதான். இரண்டு பேர் சுற்றுவதற்காகப் போட்ட திட்டத்தை ஒற்றை ஆளாகச் சுமந்தால் இப்படித்தான் மூச்சு வாங்கும்.

இந்த ஊருக்கு ஏன் வந்தேன் என்று உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், காலண்டர் சீசன் உச்சத்தில், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்காக நாம் அடித்தது இந்தப் பாலத்தின் படம். ஆறு, பாலம், மேட்டில் கோட்டை. பிலிம் ஒட்டும் மேசை உன்னுடையது, அன்று அதில் நான் இருந்தேன். பிலிமைப் புரட்டி ஒட்டிவிட்டால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிவிடும். தொடர்ந்து மூன்று நாள் வேலை, கண் சொருகியிருந்தது. புரட்டித்தான் ஒட்டியிருக்கிறேன். மெஷினில் முதல் தாள் விழுந்ததும் நீ கண்டுபிடித்தாய்.

“ஏலே, படம் திரும்பிக் கெடக்கு. நிப்பாட்டு.”

“அந்த ஊருக்குப் போயி எவன்லே சரிபாக்கப் போறான். ஓடட்டும் விடு.”

நான் சொன்ன வார்த்தைதான் அது. மாற்றிச் சொல்ல இப்போது வழியில்லை. படத்தில் ஒரு படகு இருந்ததையும் அதில் பெயர் எழுதியிருந்ததையும் நான் கவனிக்கவில்லை. எழுத்து திரும்பிக் கிடந்ததைக் கம்பெனிக்காரர் கவனித்துவிட்டார். லோடு அப்படியே திரும்பி வந்தது. முதலாளி நம் இருவரையும் நிற்க வைத்து, “எவன்லே ஒட்டுனது” என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

“நாந்தான் மொதலாளி. அசந்துட்டேன்” என்றாய் நீ.

அன்று சாயங்காலம் டீக்கடையில் நான் வாய் திறக்குமுன் நீயே முடித்துவிட்டாய். “ஒம் பொண்டாட்டிக்கு நாள் நெருங்கிருச்சு. இப்பப் போயி வேலை இல்லாம நிப்பியா. என்னைய என்ன செஞ்சிருவாக, கட்டிங்ல போடுவாக. அவ்வளவுதானலே.” போட்டார்கள். சீசன் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று இருவருமே நம்பினோம். கடைசி வரை நீ கட்டிங் மெஷினில்தான் நின்றாய். ஒரு படத்தில் சிவப்பு ஒரு துளி கூடினாலும் சொல்லிவிடுகிற கண் உன்னுடையது. மற்றவர்கள் அடித்த படங்களின் ஓரத்தை வெட்டிக்கொண்டு அந்தக் கண் கிடந்தது. உன் மேசை எனக்கு வந்தது. பிறகு கம்ப்யூட்டர், பிறகு பொறுப்பு, எல்லாம் எனக்கே வந்தன.

நேற்று அந்தப் படம் எடுத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். நம் காலண்டரில் பாலம் இடது கைப்பக்கம் தொடங்கும். இங்கே வலது கைப்பக்கம் தொடங்குகிறது. நீ சொன்னதுதான் சரி. இங்கே நின்று “நான்தான் ஒட்டினேன்” என்று சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்ற நினைப்பில் ஐந்து வாரம் நடந்திருக்கிறேன். சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. இந்த ஊருக்கு நம் விவகாரம் என்ன தெரியும். ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் உன் வீட்டுக்குப் போன் போட்டேன். உன் மனைவிதான் எடுத்தாள், எனக்குத் தங்கச்சி முறை.

“அண்ணே, சாப்பிட்டீகளா. கொரலே சரியில்லையே.”

“அசதிம்மா. அந்தப் பாலத்துக்கிட்டத்தான் இருக்கேன்.”

சிரித்தாள். “அவுக வந்திருந்தா எடது எது, வலது எதுன்னு தெரியாம ஆத்துக்குள்ள எறங்கிருப்பாக.”

நீ அந்தப் பழியை ஏற்ற நாளிலிருந்து இந்தக் கேலி உன் வீட்டில் ஓடுகிறது. நீ வண்டியைத் திருப்பினால், செருப்பை மாட்டினால், உன் பிள்ளைகள்கூட “அப்பா, அது எடது” என்பார்கள். உன்னைக் கொண்டுபோன அன்று, மாலையைச் சரிசெய்த உன் மைத்துனன் அழுதுகொண்டே அதையேதான் சொன்னான். அழுதவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அந்தப் படத்த ஒட்டுனது அவன் இல்லம்மா. நான்.”

தங்கச்சி கேட்டாள்.

“நாங்க சிரிக்கும்போதெல்லாம் அவுகளும் சேந்துல்ல சிரிச்சாக. அது எப்படிண்ணே முடிஞ்சது அவுகளுக்கு.”

பிறகு போனை வைத்துவிட்டாள். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை.

மாப்ளே, அவள் கேட்டதற்கு, உன் நல்ல குணம் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தச் சிரிப்பை இருபது வருடம் பார்த்தவன் நான். ஒரு நாளாவது அது வலித்ததா என்று உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரிப்பதை நிறுத்த வேண்டியிருந்திருக்கும்.

மீதி ஊர்கள் வேண்டாம். டிக்கெட்டை மாற்றச் சொல்லி மகளிடம் சொல்லிவிட்டேன். மதுரையில் இறங்கி, என் வீட்டுக்குக்கூடப் போகாமல், நேரே உன் வீட்டுக்குத்தான் வருவேன். உன் பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். தங்கச்சி கதவைத் திறப்பாளா என்று தெரியவில்லை.