இஸ்திரி போட்டு வந்த பரஸ்தானம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத முடியவில்லை, அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறார், நான் சௌக்கியம். போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதி, பக்கத்துக் கட்டில்காரர் மகனிடம் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முன்னாடியே சொல்லவில்லை என்று கோபப்படாதே, நீ அங்கே உட்கார்ந்து அழுதால் யாருக்கு லாபம்.

ஒரு கண் லேத் பட்டறையில் இரும்புத்தூள் தெறித்துப் போனது உனக்குத் தெரியும். மிச்சம் இருந்த கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இனித் தள்ளினால் பார்வை மொத்தமாகப் போய்விடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இவர்தான் தெரியுமே, பட்டறையில் மோட்டார் போடுவதற்கே ராகு காலம் பார்த்த மனுஷன். முதலில் கொடுத்த தேதி அஷ்டமி என்றார், அடுத்தது நவமி என்றார். மூன்றாவதாக இன்று திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள், அது சரியாக ராகு காலம், போதாததற்கு அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். சரி, பரஸ்தானம் வைத்துவிடலாம் என்று நானே யோசனை சொன்னேன். முந்தின நாளே நல்ல நேரத்தில் பையை வேறு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே கிளம்பினதாகக் கணக்கு, மறுநாள் எந்த நேரத்தில் வாசலைத் தாண்டினாலும் தோஷமில்லை. அவரும் தலையாட்டினார். நேற்றுக் காலை அவர் சட்டை, லுங்கி, துண்டெல்லாம் பையில் போட்டு இஸ்திரிக்காரர் வீட்டில் வைத்து, அவர் மனைவியிடம் விவரம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் கடைக்குப் போன நேரத்தில் இஸ்திரிக்காரர் பையைப் பார்த்திருக்கிறார். துணி வந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் மொடமொடவென்று தேய்த்து, சாயங்காலம் நம் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார், அதுவும் அப்பா கையில். அதற்குள் நல்ல நேரமும் முடிந்துவிட்டது. கிளம்பின பயணம் வீடு திரும்பிடுச்சு, இனிமே நான் வரலை என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

நான் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். ராகு ஒன்றரை மணி நேரம் இருந்துட்டுப் போயிடுவார், அப்புறம் ஆயுசுக்கும் உங்க கையைப் பிடிச்சுக் கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போகப்போறது நான்தான் என்றேன். இன்று காலையில் பார்த்தால் எனக்கு முன்னால் எழுந்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் வழியெல்லாம் என் முந்தானையை விடவே இல்லை. இத்தனை நாளும் இவர் பயந்தது ராகுவுக்கு இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பாவமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்தது, பார்வை எவ்வளவு வரும் என்பது கட்டை அவிழ்த்தால்தான் தெரியும் என்கிறார்கள். நாளைக் காலை அவிழ்க்கிறார்கள். நர்ஸ் மணி சொன்னபோது அது நல்ல நேரமா என்று இவர் கேட்கவே இல்லை. அவுக்கும்போது நீ எதிர்ல நில்லு, வேற யாரும் நிக்க வேண்டாம் என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்கணும். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நாளைக்குப் போன் பண்ணும்போது, தெரியுதாப்பா என்று எடுத்தவுடன் அவரிடம் கேட்டுவிடாதே, முதலில் என்னிடம் பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா