கீழ் அறை மோட்டார் பற்றி நீ கேட்டது

நாகலூர்,
ஜூன் 21

அன்புள்ள ஸ்டெபினுக்கு,

சித்தி எழுதுவது. மாதாவின் கிருபையில் நான் நன்றாக இருக்கிறேன், நீயும் அயர்லாந்துக் குளிரில் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுத முடியாததால்தான் கடிதம். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் சித்தி பாயிண்டுக்கு வாங்க என்கிறாய், காகிதத்தில் அதற்கு வழியில்லை.

வாடகைக்கு வரும் விருந்தாளிகளுக்காகக் கீழே இன்னும் இரண்டு அறைகளில், அப்பா அறையில் வைத்த அதே அரைக்கும் மோட்டார் வைத்து டாய்லெட் கட்டலாமா, அதில் நல்லது என்ன கெட்டது என்ன என்று கேட்டிருந்தாய். நல்லதை முதலில் சொல்கிறேன். நம் வீடு சரிவில் இருக்கிறது, செப்டிக் டேங்க் மேலே ரோட்டோரம் இருக்கிறது, கீழே ஒரு அடி தோண்டினால் பாறை. அந்தப் பாறையைத் தொடாமல் இரண்டே நாளில் வேலையை முடித்தார்கள். கக்கூஸுக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதிலிருந்து மெல்லிய குழாய், எல்லாவற்றையும் கூழாக அரைத்து மேலே ஏற்றிவிடுகிறது. பக்கவாதம் வந்த உன் அப்பாவைப் பதினொரு படி தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதில்லை. அவருக்கும் முதலில் பிடித்திருந்தது. முப்பது வருஷம் எஸ்டேட்டில் காப்பிப்பழம் அரைக்கும் மெஷினோடு இருந்தவர் அல்லவா, இதற்கும் பல்ப்பர் என்றே பேர் வைத்தார். நீ அனுப்பிய ஈரத் துடைப்புத்தாளை, உள்ளே போடலாம் என்று பாக்கெட்டில் படம் இருந்ததால் வீட்டு வேலைக்கு வரும் பாவாயி போட்டுவிட, மோட்டார் முனகியது. அவர் கட்டிலில் படுத்தபடியே பல்ப்பர்ல துணி சிக்கியிருக்குது என்று குழறிக் குழறிச் சொன்னார். சேலத்திலிருந்து மெக்கானிக் வந்து திறந்து பார்த்தபோது அதேதான். கெட்டதும் இருக்கிறது. காற்றடித்தால் இங்கே கரண்ட் போய்விடும், கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. மெக்கானிக் சனி ஞாயிறில் வண்டிக் கூட்டத்துக்குப் பயந்து மலை ஏறமாட்டார். பிறகு சத்தம். ஒவ்வொரு தடவையும் மேலே சாப்பாட்டு அறை வரைக்கும் கேட்கும். உங்கூட்டுல ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட மில்லு மாதிரி சங்கு ஊதோணுமாக்கா என்று பாவாயி சிரிப்பாள், அவரும் கோணிய வாயோடு சிரிப்பார். அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மே மாதம் மேல் அறையில் தங்கிய பெங்களூர்க்காரர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மோட்டார் ஓடியது. அவர்கள் குழந்தை, கீழே யார் மாவு ஆட்டுகிறார்கள் என்று கேட்டது. அவர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, இன்டர்நெட்டில் எழுதினார்கள். நீ அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, சாப்பாட்டு நேரத்தில் அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கங்க சித்தி என்று ஒரு வரி போட்டாய். உன் வரியில் என்ன தப்பு, நாகரிகமான வரிதான். அதைக் கீழே கொண்டுபோய் அவர் காதில் சொன்னவள் நான். ஏனுங்க, வந்தவங்க சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க என்றேன். சரி என்று தலையாட்டினார். நான் நிம்மதியாக மேலே வந்து அவர்களுக்குச் சட்னி ஊற்றினேன்.

மறுநாளிலிருந்து அவர் காப்பி வேண்டாம் என்றார். பிறகு கஞ்சி பாதி போதும் என்றார். தண்ணீர் வைத்தால் டம்ளர் காலியாக இருக்கும், குடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பாவாயிதான் ஒருநாள் வந்து, ஏனுங்க அக்கா, சன்னலுக்கு வெளிய ஒத்த மொளகுக்கொடி மட்டும் நொம்ப தழைச்சு நிக்குதே, பார்த்தீங்களா என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நல்லாயிருக்கும் ஒரு கையால் டம்ளரை எடுத்து, கம்பி வழியாக, ஒரு சொட்டும் தரையில் விழாமல், பத்தொன்பது நாள் ஊற்றியிருக்கிறார். அந்தப் பத்தொன்பது நாளில் நீ மூன்று ஞாயிறு வீடியோவில் பேசினாய். அவர் உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. நீ மோட்டாருக்கு ஸ்டெபிலைசர் வாங்கியாச்சா என்று கேட்டாய். நீ நர்ஸ். அங்கே முதியோர் இல்லத்தில் முன்பின் தெரியாத கிழவர்களுக்கு எத்தனை கோப்பை தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று வேளாவேளைக்கு எழுதி வைக்கிறாய். உனக்குத் தெரியாமல் இல்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நான் அதே வீட்டில் இருந்தேன்.

அப்புறம் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. என்னைப் பார்த்து, மரியா, கூடையை நிழல்ல வையி என்று மறைந்த உன் அம்மாவிடம் பேசுவதாக நினைத்துப் பேசினார். சேலம் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் டியூப் போட்டிருந்தார்கள். சிறுநீர் காப்பிக் கழுநீர் நிறத்தில் வந்தது. உங்க வீட்ல தண்ணி தர ஆள் இல்லையா என்று டாக்டர் நாலு பேர் முன்னால் கேட்டார், இருக்கோமுங்க என்று மட்டும் சொன்னேன். உன்னிடம் போனில் யூரின் இன்ஃபெக்‌ஷன், சரியாகிவிட்டது என்றேன். அது பொய் இல்லை, ஆனால் நீ அதோடு நிம்மதியாகிவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தவரை நான் கீழே விடவில்லை. உன் கெஸ்ட் ரூமில்தான் இருக்கிறார், அங்கே இருப்பது சாதாரண டாய்லெட். வெள்ளிக்கிழமை வரவேண்டியவர்களை நான்தான் வேண்டாம் என்றேன், நீ கோபப்பட்டாய். அவரை மறுபடி கீழே விடச் சொல்கிறாய், இன்னும் இரண்டு மோட்டார் என்கிறாய். மோட்டார் நல்ல மோட்டார்தான் ஸ்டெபின். பல்லில் படாததை அது அரைப்பதில்லை, வேறு வழியில்லாதவர்கள் வைத்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் அதைவிட நன்றாக அரைக்கிறோம், அதனால் இன்னொன்று தேவையில்லை. உன்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவள், உனக்குப் புத்தி சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இது புத்தி இல்லை, முடிவு.

ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மேலே வந்த முதல் நாளும் அவர் தண்ணீரைத் தொடவில்லை. இங்கே சத்தம் வராது, விருந்தாளி யாரும் இல்லை, குடிங்க என்று கெஞ்சினேன். டம்ளரைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம்பிகிட்ட கேட்டுட்டியா என்றார், உன்னைத்தான். கேட்டேன், தாராளமா இருக்கட்டும்னு சொல்லிட்டான், அவனேதான் மேலே கூட்டிட்டுப் போகச் சொன்னான் என்றேன். அதற்குப் பிறகுதான் குடித்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், வேளைக்குச் சாப்பிடு, இரவு டியூட்டி முடிந்து சைக்கிளில் போகும்போது கவனம். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அந்த அறைக்காக உனக்கு நன்றி சொல்லப்போகிறார், நாலு நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வாய் குழறும், முடிக்கும்வரை இரு. முடித்ததும் ஆமாங்கப்பா என்று சொல் கண்ணு. வேறு எதுவும் சொல்லாதே.

உன் சித்தி,
தேவகுமாரி