எண்பத்து நான்கில் தொடங்கும் எண்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
8-1-2007

அன்புள்ள தம்பி அரசுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். ஜெர்மனியில் பனி ஜாஸ்தி என்று டிவியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

திரையில் வந்ததை அப்படியே தபாலில் எழுதி அனுப்பு, மெயிலும் அந்த சர்வர் பெட்டி வழியாகத்தான் வரும் என்று ஃபோனில் சொன்னாய். எழுதுகிறேன்.

நீ ஜெர்மனிக்குப் போகும்போது நடு அறையில் வைத்துவிட்டுப் போன சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் இருக்கும் நம் வீட்டு இணையப் பக்கத்தில் தினமும் சாயங்காலம் எழுதுகிறேன். ஆனால் ஜனவரி பிறந்ததிலிருந்து நான் வேலை செய்யும் கலெக்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்கிறது. வீட்டிலேயே அந்தப் பெட்டியில் திறந்தால், அதே சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்கிறது. தீபத்துக்கு மறுநாள் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, வீட்டில் மட்டும் அதிலிருந்தே இப்படித்தான். நான் 'சரி' என்று அழுத்தி அழுத்திப் போய்க்கொண்டிருந்தேன்.

வருஷா வருஷம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்றாயே? உனக்கும் இந்த எச்சரிக்கை வந்திருக்குமே, ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

ஆகஸ்டில் நான் எழுதியதற்கும் நீ ஒன்றும் சொல்லவில்லை. அது முடிந்த கதை, விடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
அருணாதேவி

ஸ்டுட்கார்ட்
20-1-2007

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கும் எச்சரிக்கை வந்தது. வேலை மும்முரத்தில் சொல்ல மறந்துவிட்டேன்.

ஒரே சான்றிதழுக்கு இரண்டு பதில் வருகிறது என்றால் கோளாறு கடிகாரத்தில். பெட்டிக்குள் சின்ன பேட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்துபோய், கரண்ட் போனதும் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். இன்னும் பழைய வருஷம்தான் என்று நினைத்துக்கொண்டு அது புதுப்பிக்காமலே உட்கார்ந்திருக்கிறது. பாதுகாப்புக்காக வெளியிலிருந்து உள்ளே வந்து எதையும் மாற்றும் வழியை நானே அடைத்துவிட்டதால், இங்கிருந்து சரிசெய்ய முடியாது. நீதான் செய்ய வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்று. பச்சைப் பலகையில் எட்டணா அளவுக்கு வட்டமாக ஒன்று இருக்கும். வாட்ச் கடையில் காட்டினால் அதே மாதிரி தருவார்கள். மாற்றியபின் தேதியைச் சரிசெய். அடுத்த தாளில் பெரிய எழுத்தில் இருப்பதை அப்படியே அடித்து என்டர் தட்டு. புதுச் சான்றிதழ் உருவாகிவிடும்.

ஆகஸ்டில் எழுதியது என்றால் எது அக்கா? நீ எழுதுவது எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்
வல்லரசு

வேங்கிக்கால்
4-2-2007

அன்புள்ள தம்பிக்கு,

உன் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே மூன்று வருஷத் தூசி. துடைத்தேன். கடிகாரம் 2002 என்று காட்டியது. நீ சொன்னது சரி. நேற்று முன்தினம் பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் டவுனுக்குள் போகவில்லை. நேற்றுதான் போய் பேட்டரி வாங்கினேன். தேதியை மாற்றி, நீ எழுதியதை அடித்தேன். 'முடிந்தது' என்று வந்தது.

ஆனால் பக்கத்தைத் திறந்தால் இன்னும் காலாவதி என்றுதான் வருகிறது. என்ன தப்பு செய்தேன்?

பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள், "எதுக்குடி இவ்ளோ கஷ்டம், ஃபோன்ல பேசிட்டா போதாதா"ன்னு கேட்டாள். ஃபோனில் நீ எப்போதும் அவசரத்தில் இருக்கிறாய். இணையப் பக்கத்தில் எழுதினால் உனக்கு ஓய்வு கிடைக்கும்போது படிப்பாய் என்றேன்.

அக்கா

ஸ்டுட்கார்ட்
15-2-2007

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு உன்னுடையது இல்லை. புதுச் சான்றிதழ் வந்தாலும், சர்வர் தொடங்கும்போது படித்த பழையதையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை அணைத்துப் போடு, போதும்.

பிறகு வருகைப் பதிவேட்டைத் திற. யார் எப்போது பக்கத்தைப் பார்த்தாலும் அந்தக் கம்ப்யூட்டரின் எண்ணோடு அதில் ஒரு வரி விழும். வீட்டிலிருந்து என்றால் 192 என்று தொடங்கும் எண். நான் இங்கிருந்து பார்த்தால் 84 என்று தொடங்கும். உன் கடிதம் வந்ததும் நான் பார்க்கிறேன். புதிதாக 84 விழுந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம். போன வருஷத்து வரிகள் எல்லாம்கூட அதில் இருக்கும், குழம்பிவிடாதே.

மே மாதம் லீவு கிடைத்தால் வருகிறேன்.

வல்லரசு

வேங்கிக்கால்
6-3-2007

அன்புள்ள தம்பிக்கு,

அணைத்துப் போட்டேன். சரியாகிவிட்டது. ஆபீசிலும் எச்சரிக்கை இல்லாமல் திறக்கிறது.

பதிவேட்டையும் பார்த்தேன். போன வருஷம் ஜனவரியில் நான்கு முறை 84 இருக்கிறது. பிப்ரவரியில் இரண்டு. மார்ச்சில் ஒன்று. கடைசியாக நீ பார்த்தது ஏப்ரல் ஒன்பது. அதற்குப் பிறகு எல்லாமே 192-தான், நடுவில் ஆபீஸ் எண். ஒருவேளை கண் தப்பியிருக்கும் என்று இரண்டு முறை முதலிலிருந்து பார்த்தேன்.

எச்சரிக்கை வந்தது, சொல்ல மறந்தேன் என்று எழுதியிருந்தாய்.

ஆகஸ்ட் 19 அன்று நான் எழுதியது இதுதான். சர்வே பிரிவில் இருந்த தசரதன், மனைவி இறந்து ஆறு வருஷம் ஆனவர், கேன்டீனில் என்னிடம், "ரெண்டு பேரும் தனியாத்தான் இருக்கோம். உங்க வீட்ல கேட்டுச் சொல்றீங்களா"ன்னு கேட்டார். எனக்கு வீடு என்றால் நீதான். நாற்பத்தாறு வயதில் இதை உன்னிடம் வாயால் கேட்க வெட்கமாக இருந்தது. பக்கத்தில் எழுதி, உனக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தேன். அந்த வாரம் ஃபோனில் "படிச்சியா"ன்னு கேட்டேன். "படிச்சேன்கா, நல்லா இருக்கு"ன்னு சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். உனக்குப் பிடிக்கவில்லை, சொல்லத் தயங்குகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அவரிடம் வீட்டில் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் போளூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போளூருக்குப் போனேன். அவரே டீ போட்டுக் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "சம்மதமில்லைன்னீங்க, சரின்னு விட்டுட்டேன். போன மாசம் ஒரு இடம் பேசி முடிச்சிட்டாங்க. வைகாசியில கல்யாணம்"னு சொன்னார். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து, பஸ் கிளம்பும் வரை நின்றார்.

வாய்விட்டுக் கேட்காதது என் தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். உன்மேல் கோபமும் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

நீ வந்தால் தங்க இந்த வீடு வேண்டும் என்று வெளியூர் மாற்றலோடு வந்த பதவி உயர்வை இரண்டு தடவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். நேற்று மூன்றாவது முறையாக வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏப்ரல் முதல் தேதி செய்யாற்றில் சேர வேண்டும். மே மாதம் வந்தால் சாவி ரேணுகாம்பாளிடம் இருக்கும். அரிசி, பருப்பு எல்லாம் வாங்கி வைத்துவிட்டுப் போகிறேன். தண்ணீர் காலையில் ஆறு மணிக்குத்தான் வரும், எழுந்து பிடித்துக்கொள்.

செய்யாற்று விலாசம் இன்னும் தெரியவில்லை.

அருணாதேவி