சிம் கழற்றிய போன்

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாம் தரம் போட்ட பிளாஸ்டருக்குள் கை கடிக்கிறது. கரண்டிக் காம்பை விட்டுச் சொறிந்தேன். டொக்டர் பார்த்தால் ஏசுவார்.

றோஸ்மேரி வந்து தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டாள். வேலை முடித்து, தன் வீடு இருக்கிற லொங்குய்யிலிருந்து மெற்றோவும் பஸ்ஸும் ஏறி செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக்கு இதற்காகவே வந்தாள். ஒற்றைக் கையால் தலை முழுக நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடம் ஒரே கொம்பனியில் துப்புரவு வேலை. இரண்டு பேரும் மட்டக்களப்பு. ஒரே தேவாலயம். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "நரைச்சிட்டு அக்கா, சாயம் பூசி விடட்டா?" என்றாள். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தேன்.

என் விபத்து நட்டஈட்டு விசாரணை 27ஆம் தேதி என்று கடிதம் வந்திருக்கிறது. நவம்பரில் நான் வேலையிடத்து உடைந்த ஏணியிலிருந்து விழுந்தேன். கொம்பனியோ, நான் என் வீட்டு வெளிப்படியில் ஐஸில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனால் மேற்பார்வையாளர் அருமைராசா வீட்டுக்கு வந்து சொன்னது அப்படியே என் போனில் இருக்கிறது. "ஏணி உடைஞ்சதுதான் தங்கச்சி, எனக்குத் தெரியும். வீட்டுப் படியில விழுந்ததெண்டு எழுதினா எல்லாருக்கும் நல்லம்." மேசையில் கிடந்த போனில் நான்தான் பதியவிட்டேன். அது தெரிந்தது நாலு பேருக்கு. நான், கணவர் குலேந்திரன், வக்கீல் ஹம்சினி, அன்றைக்குக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற றோஸ்மேரி.

பதிவை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி ஹம்சினி இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். எனக்கு அனுப்பத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை றோஸ்மேரியைக் கேட்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

போன் போய்விட்டது.

பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் எல்லோரும் தேநீர் குடித்தோம். போன் வைத்திருந்த என் கோட்டை நாற்காலியில் போட்டிருந்தேன். புறப்படும்போது கோட்டுப் பை வெறுமையாக இருந்தது. இவர் தன் போனிலிருந்து என் இலக்கத்துக்கு அடித்தார். மணி போகவில்லை. நேரே தகவல் விடச் சொல்லும் குரல்தான் வந்தது. மறுபடி, மறுபடி.

றோஸ்மேரி மேசைகளுக்குக் கீழே முழந்தாளிட்டுத் தேடினாள். குப்பைப் பையைக்கூடக் கவிழ்த்தாள். "பயப்படாதீங்க அக்கா, ஆண்டவர் கைவிடமாட்டார்" என்று என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றத்தான் எனக்கு நேரம் சரியாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

காலையில் பொலிஸில் முறைப்பாடு. ஒரு கோப்பு இலக்கம் தந்தார்கள். இடம் தெரிந்தால் தனியே போகவேண்டாம், எங்களுக்குச் சொல்லுங்கள் என்றார் அந்தப் பெண் அதிகாரி.

ஹம்சினி ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. சென்னைத் தமிழில் மெதுவாக விளக்கினார். "அக்கா, சிம்மைக் கழட்டிட்டாங்க போல. அதனால நம்பர்தான் செத்துப் போச்சு, ஃபோன் சாகல. தெரிஞ்ச வைஃபை ஏதாவது கிடைச்சா அது தானா ஒட்டிக்கும். அப்ப உங்க ஃபோன் கணக்குல இடம் காட்டும்."

கணக்குக்குள் போகப் பார்த்தேன். கடவுச்சொல் மறந்துபோச்சு. புதுசு எடுக்க ஒரு குறியீடு அனுப்புவார்களாம். எதற்கு? தொலைந்த இலக்கத்துக்கே! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அதே இலக்கத்தில் புது சிம் புதன்கிழமைதான் வருமாம்.

பின்னேரம் றோஸ்மேரி இவருடைய போனுக்கு எடுத்தாள். "ஏதும் தெரிஞ்சதா அக்கா? அதைத் தேடிப் பிடிக்க ஏலுமாமா?" கடவுச்சொல் மறந்த கதையை மட்டும் சொன்னேன். சிம் இல்லாமல் என்ன செய்யிறது என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பதிவு இல்லாவிட்டால் என் சொல்லுக்கு எதிராக அருமைராசாவின் சொல். அவருக்குப் பிரெஞ்சு வடிவாகத் தெரியும்.

மார்ச் 12, புதன்

புது சிம்மை இவருடைய பழைய போனில் போட்டோம். குறியீடு வந்தது. கணக்குத் திறந்தது.

திரையில் வரைபடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் ஒரு பச்சைப் புள்ளி. கடைசியாகக் கண்டது இன்று காலை. பேட்டரி அறுபத்தொரு வீதம். மூன்று நாளாக ஆரோ சார்ஜ் போடுகிறார்கள். கீழே, இணைந்திருக்கும் வைஃபையின் பெயர் — யதுர்ஷன்.

யதுர்ஷன் றோஸ்மேரியின் மகன். அவனுடைய முதல் நற்கருணை விழாவுக்குப் போன அன்று அந்த வீட்டுக் கடவுச்சொல்லை என் போனில் போட்டுத் தந்ததே அவள்தான். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு, எத்தனை நத்தார்ப் பண்டிகை. படியேறும்போதே என் போன் தன்பாட்டில் சேர்ந்துகொள்ளும்.

முதலில் என்ன நினைத்தேன்? அவள் எங்கேயோ கண்டெடுத்து வைத்திருக்கிறாள், இன்றைக்குச் சொல்லுவாள் என்று. பின்னேரம்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். மடச்சி. கண்டெடுத்தவள் சிம்மைக் கழட்டுவாளா?

திரையில் மூன்று பொத்தான்கள். மணி அடிக்க ஒன்று, பூட்ட ஒன்று, எல்லாவற்றையும் அழிக்க ஒன்று. இவர் பூட்டுகிற பொத்தானை அழுத்தினார். அழிப்பதன்மேல் கை பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார்.

மார்ச் 13, வியாழன்

சாப்பிட ஏலாமல் கிடக்கு. குப்பையைக் கவிழ்த்துத் தேடினாளே. ஏன் அப்படித் தேடினவள்?

மார்ச் 15, சனி

போனேன். பொலிஸ் போகவேண்டாம் என்றதுதான். ஆனால் அவளுடைய வாசலில் பொலிஸ் கார் நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை. இன்னமும் அவளுக்காகத்தான் யோசிக்கிறேன், பார்.

இவர் காரை இரண்டு வீடு தள்ளி நிறுத்தினார். பகல் பதினொரு மணி. ஓரமெல்லாம் அழுக்குப் பனி. அவருடைய போனை வாங்கிக்கொண்டு நான் மட்டும் நடந்தேன். வாசலுக்கு முன்னால் நின்று, திரையிலிருந்த மணிப் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றுமில்லை. பிறகு, நிலக்கீழ் அறையின் சின்ன யன்னலிலிருந்து என் போன் அடித்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் இந்த மணி முழுச் சத்தத்தில் அடிக்குமாம். தெருவுக்கே கேட்டது.

கதவைத் தட்டினேன். றோஸ்மேரி திறந்தாள். கையில் பிசைந்த மா.

"அக்கா! வாங்க, உள்ள வாங்க. சொல்லாமல் கொள்ளாமல்..."

"நான் உள்ள வரல்ல. கீழ அடிக்குது, எடுத்துக்கொண்டு வா."

"எது அடிக்குது?"

அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்து, எது அடிக்குது என்று கேட்டாள். போனை எடுத்ததைவிட எனக்கு அதுதான்... அதை எழுத வரவில்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. கீழே இறங்கிப் போனாள். போனோடும் ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தோடும் வந்தாள். பொட்டலத்துக்குள் பழைய சிம்.

"பிருந்தன்ர பெர்மிட் ஏப்ரலோட முடியுது அக்கா."

பிருந்தன் அவளுடைய தம்பி. அவனையும் இதே கொம்பனிக்குத்தான் எடுப்பித்தாள். அவனுடைய வேலை அனுமதி இந்தக் கொம்பனியோடு கட்டப்பட்டது. கொம்பனி கையெழுத்து வைக்காவிட்டால் அவன் திரும்பிப் போகவேண்டியதுதான்.

"அருமைராசா அண்ணை தம்பியை வேலையால நிப்பாட்டுவன் எண்டவர். பதிவு இருக்கெண்டு நான்தான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன். மறுகா, அதைக் கொண்டு வா எண்டார். நான் குடுக்கல்ல அக்கா, சத்தியமாக் குடுக்கல்ல. வாற திங்கக்கிழமை தாறன் எண்டு சொன்னனான்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே றோஸ்மேரி."

"சொல்லியிருந்தா விட்டுக் குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவளோடு இருந்து அழுதிருப்பேன். வேறு வழி தேடியிருப்பேன். அதற்கு அவள் எனக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை.

"என்ர கையைப் பிடிச்சு அழுதியே, அது என்னத்துக்கு?"

"அது உண்மையா அழுதது அக்கா."

அதை நம்புகிறேன். அதுதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

காரில் வைத்துப் பதிவைப் போட்டுக் கேட்டோம். எல்லாம் இருக்கிறது. அருமைராசா விடைபெற்றுப் போன பிறகும் போன் பதிந்துகொண்டு இருந்திருக்கிறது. கடைசியில் குசினியிலிருந்து றோஸ்மேரியின் குரல் வருகிறது. "அவர் சொல்றதைக் கேளாதீங்க அக்கா. நான் இருக்கிறன்." இவர் பதிவை நிறுத்திவிட்டுக் காரை எடுத்தார்.

நேரே ஹம்சினியின் அலுவலகம். அவர் பதிவை மூன்று இடத்தில் பிரதி எடுத்தார். என் போன் கிடைத்துவிட்டது என்று மட்டும் பொலிஸுக்குச் சொன்னேன். எங்கே என்று கேட்டார்கள். தெரிந்த ஒருவர் வீட்டில் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

வேலையால் நேரே பிருந்தன் வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கதவோரமே நின்றான்.

"எனக்காகச் செய்தனான் எண்டு அக்கா சொல்லுறா. நான் கேட்கல்ல சுதாக்கா. எனக்கு ஒண்டும் தெரியாது."

"தெரியும் தம்பி. இரு."

"அந்த ஏணியை நானும் கண்டனான். வந்து சொல்லட்டா?"

"உன்ர பெர்மிட்?"

"போனாப் போகட்டுமெண்டு சொல்ல ஏலாது. ஆனா வாறன்."

மனதுக்குள் ஒரு கெட்ட எண்ணம் எழுந்தது. வரட்டும், அவள் பயந்ததே நடக்கட்டும் என்று. அரை நிமிடம் இருந்திருக்கும். பிறகு ஹம்சினிக்கு எடுத்தேன். "பதிவே போதும், அவரை இழுக்க வேண்டாம்க்கா" என்றார். முதலாளி மிரட்டினால் எந்த வேலையும் செய்யக்கூடிய அனுமதிக்கு விண்ணப்பிக்கலாமாம். பிருந்தனிடம் போனைக் கொடுத்தேன். ஹம்சினி அவனை நாளைக்கே வரச் சொன்னார்.

மார்ச் 27, வியாழன்

விசாரணை. பதிவைப் போட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வரிக்கு வரி பிரெஞ்சில் சொன்னார். அருமைராசா மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாட்சி சொல்ல வருவதாக முந்தி ஒப்புக்கொண்ட றோஸ்மேரி வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். வருவாள் என்று ஏன் நினைத்தேன்?

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. வேறு தேவாலயத்துக்குப் போனோம். பாட்டெல்லாம் பிரெஞ்சில். எழும்பி நின்று வாயசைத்தேன்.

மே 6, செவ்வாய்

என் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். வேலையிடத்து விபத்துத்தான் என்று எழுத்தில் வந்துவிட்டது. ஹம்சினி போனில் கத்தினார். நானும் கத்தினேன். வைத்தபிறகு, இதைச் சொல்ல இன்னொரு இலக்கத்தை விரல் தேடியது. நிறுத்திக்கொண்டேன்.

பிருந்தனுக்குப் புது அனுமதி வந்ததாக ஹம்சினி சொன்னார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வேறு வேலையாம்.

ஜூன் 11, புதன்

கைக்குப் பயிற்சி இன்று தொடங்கியது. பதினைந்து தடவை, செலவு முழுவதும் விபத்து நட்டஈட்டுக்காரர் பொறுப்பு. ஒரு ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். பந்து அசையவில்லை. பரவாயில்லை, வரும் என்றாள் பயிற்சி தருகிற பிள்ளை.

அதற்கு முன் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். பெயர், முகவரி, மருந்து. அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேருடைய பெயர். முதலாவதில் குலேந்திரன் என்று எழுதினேன். ஒன்பது வருடமாக இரண்டாவதற்கு நான் யோசித்ததே இல்லை. அந்த இலக்கம் கையில் தானாகவே வரும்.

பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன். வெறுமையாக இருந்த இரண்டாவது வரியைக் காட்டி, வேறு ஒருவரும் இல்லையா என்று வரவேற்பு மேசைக்காரி பிரெஞ்சில் கேட்டாள்.

"நோன்", இல்லை என்றேன். அவள் படிவத்தை வாங்கிக்கொண்டாள்.