நிற்கட்டுமா, திரும்பட்டுமா

அக்கா, இல்லாதவருக்கு எழுதுகிறேனே என்று சிரிக்காதீர்கள், மன்னித்துவிடுங்கள். இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சற்றுமுன் இஸ்திரிக் கடையிலிருந்து என் பருத்திப் புடவை வந்தது. சூடாகக் கஞ்சி வாசனை எழுந்ததும் உங்கள் காக்கிச் சட்டைதான் நினைவுக்கு வந்தது.

இன்று மாலை திருமுல்லைவாயிலில் நம் குடியிருப்பின் பொங்கல் பட்டிமன்றம். நம் படை அயல்நாட்டில் நிற்கட்டுமா, திரும்பட்டுமா என்பது தலைப்பு. நான் பேசுகிறேன் அக்கா! நானேதான்!

"உங்கூட்லயே டிகிரி வாங்குனவ நீ ஒருத்திதான். மைக்குக்கு இன்னா பல்லா கீது, கடிக்க?" என்று ஒரு பொங்கலில் என்னை மேடைப் பக்கம் தள்ளினீர்கள். நான் கூட்டத்தில் நழுவிவிட்டேன்.

ஆவடி துணை ராணுவ முகாமிலிருந்து அமைதிப்படையோடு ஆப்பிரிக்கா போய்வந்ததை, மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி சொல்வீர்கள். அங்கே முகாம் வாசலில் பெண்களான நீங்கள் துப்பாக்கியோடு நின்றதால்தான், அந்த ஊர்ப் பெண்கள் இருட்டிய பிறகும் தண்ணீர் பிடிக்க வந்தார்களாம். "நாங்க கெளம்பிட்டா அதுங்களுக்கு யாருடீ?" என்பீர்கள்.

எனக்குக் கிடைத்திருப்பதோ 'திரும்பட்டும்' அணி. முன்வரிசையில் உங்கள் மகள் மலர் இருப்பாள். நீங்கள் கிளம்பியபோது அவள் கைக்குழந்தை. ஓராண்டு என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். திரும்பி வந்த உங்களிடம் அவள் வர மறுத்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். போன ஆண்டு காய்ச்சல் உங்களை ஒரேயடியாகக் கொண்டுபோய்விட்டது. அம்மா வீணாகப் பிரிந்திருந்தாள் என்று என் வாயால் அவள் கேட்டுவிடக் கூடாதே என்று தவித்தேன்.

நேற்று அவளிடமே கேட்டுவிட்டேன்.

"யக்கா, அம்மா போனது தப்புன்னு சொன்னே, உன்ன சும்மா உடமாட்டேன். எப்ப வரும்னே தெரியாம நாங்க குந்திகினு இருந்தோம் பாரு, அத்த பேசு" என்றாள்.

அவ்வளவுதான், என் பேச்சு பிறந்துவிட்டது! நீங்கள் போனது சரி. திரும்பும் நாளைக் குறிக்காமல் அனுப்பியதுதான் தவறு. நாம் நிற்கும் காலத்திலேயே அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் வாசலில் தாங்களே காவல் நிற்கப் பழகவேண்டும். பழகியதும் நம்மவர்கள் வீடு வரவேண்டும். அந்தப் பெண்களுக்கு யார் என்று கேட்டீர்களே, அவர்களேதான் அக்கா.

கூச்சப்பட்டுக் கடைசிக்குத் தள்ளிவைத்த ஒன்றை இப்போது கேட்டுவிடுகிறேன். தன் பக்கத்து நாற்காலியில் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்துவைப்பதாக மலர் சொல்லியிருக்கிறாள். இன்று மட்டும் கட்சி மாறி, அங்கே உட்கார்ந்து எனக்குக் கைதட்டுங்கள்.